நம்ம பிள்ளைகளும் நிருபர் ஆகலாம்: பத்திரிகைப் படிப்பு, பயிற்சி, புலமைப்பரிசில் பற்றிய விளக்கம்



சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்ததும் பெற்றோர் நலன்புரி காரியாலயத்துக்கு வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆசிரியர் வேலைக்கு என்ன படிக்கணும், தாதிமார் பயிற்சிக்கு எப்போது விண்ணப்பம் போடணும், கம்பியூட்டர் வகுப்பு எங்கே நடக்கிறது என்று கேட்பார்கள். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "ஐயா, மகள் நல்லா கட்டுரை எழுதுறா. பேப்பர்ல, ரேடியோவுல வேலை செய்யணும்னு சொல்றா. அதுக்குப் படிப்பு இருக்கா? சல்லி எவ்வளவு போகும்?"

படிப்பு இருக்கிறது. பயிற்சியும் இருக்கிறது. சல்லிக்கும் சில வழிகள் இருக்கின்றன. ஆனால் அந்த வழிகள் லயத்து வாசலுக்குத் தானாக வராது. எங்கே, எப்போது, என்ன பத்திரத்தோடு போக வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அவை கிடைக்கின்றன. அதைத் தெரியப்படுத்தவே இந்தக் கட்டுரை.

நமக்கு எதற்கு நிருபர்?

"டாக்டர் வந்தா வருத்தம் பார்ப்பார், டீச்சர் வந்தா படிப்பு சொல்லுவார். நிருபர் வந்து என்ன செய்வார்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலுக்கு நம்ம பக்கத்திலேயே நடந்த ஒரு விஷயத்தைப் பார்ப்போம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. வெல்லவாய, மொனராகலைப் பக்கம் இருக்கிற நமக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. அங்கே நம்மில் பலருக்கு சொந்தபந்தம் இருந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை.

முதல் இரண்டு மூன்று நாட்களில் இருநூறு பேர், முந்நூறு பேர் மண்ணுக்குள் என்று உலகம் முழுக்கச் செய்தி போனது. பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது அந்த எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது. இது நமக்குப் புரியாத விஷயமா? ஒரு லயத்தில் பத்துப் பேருக்குப் பெயர் இருக்கும். அதில் ஒருவன் கொழும்பில் கடையில் நிற்பான், ஒருத்தி கட்டிக்கொடுத்த ஊரில் இருப்பாள், இரண்டு பேர் விடியற்காலையிலேயே பிரட்டுக்குப் போயிருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். இதெல்லாம் அந்த லயத்து ஆளுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து கெமராவோடு வந்தவருக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்டதை எழுதினார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த இடத்தில் நம்ம ஆள் ஒருவர், எழுதத் தெரிந்தவராக, எண்ணத் தெரிந்தவராக, பத்திரிகை நம்பக்கூடியவராக இருந்திருந்தால் முதல் நாளே சரியான பெயர்கள் வெளியே போயிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த இடம் ஆபத்தானது, மக்கள் வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்று 2005, 2011 ஆகிய ஆண்டுகளிலேயே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். எச்சரிக்கை கொடுத்தால் மட்டும் போதுமா? மாற்றுக் காணி எங்கே, வீடு எங்கே என்று ஒவ்வொரு மழைக் காலத்திலும் யாராவது கேட்டு எழுதிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அனர்த்தம் நடந்த பிறகு எழுத நூறு பேர் வருவார்கள். நடப்பதற்கு முன்னால் எழுதுகிறவர் அந்த மலையிலேயே இருக்கிற ஆளாகத்தான் இருக்க முடியும்.

இந்த வேலை நமக்குப் புதிது இல்லை

பத்திரிகை வேலை படித்த பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். மலையகத்தில் தொழிலாளருக்குச் சங்கம் வருவதற்கு வழி திறந்ததே பத்திரிகைதான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியாட்கள் தோட்டத்துக்குள் நுழைய முடியாத அந்தக் காலத்தில் துணி விற்பவர் மாதிரி உள்ளே போய் தொழிலாளர் நிலைமையைக் கண்ணால் பார்த்தார். 1920களில் தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளில் அதை எழுதினார். தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தது அதற்குப் பிறகு, 1931இல். 1936இல் அட்டன் தொகுதியில் அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டு எழுதி, தொழிலாளர் கூட்டங்களில் தானே பாடி, எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் செய்தியைக் கொண்டுபோனார்.

வட்டகொடைப் பக்கம் மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். தொழிற்சங்க வேலையும் பார்த்தார், கவிதையும் எழுதினார், பத்திரிகையும் நடத்தினார். 1930இல் தொடங்கிய வீரகேசரியில் பிற்காலத்தில் எஸ்.எம். கார்மேகம் தோட்டப் பகுதிக்கான பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, மலையக இளைஞர்கள் பலரை எழுத வைத்தார். அன்றைக்கு அப்படி எழுதத் தொடங்கியவர்களுக்குப் பயிற்சிக் கல்லூரி எதுவும் கிடையாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தித்தான் பழகினார்கள். இன்றைக்குக் கல்லூரியும் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் எங்கே தொடங்குவது?

க.பொ.த. சாதாரண தரத்தில் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. உயர்தரக் கலைப் பிரிவிலும் அதே துறையில் பாடம் உண்டு. நம்ம பிள்ளை படிக்கிற பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பாடம் எடுக்காதவர்களும் பிறகு பத்திரிகைத் துறைக்குப் போகலாம். தமிழ், வரலாறு, அரசியல் விஞ்ஞானம், பொருளியல், புவியியல் எதுவும் வீண் போகாது.

முக்கியமாக மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பிழை இல்லாமல் தமிழ் எழுதுவது. ரகர றகரம், லகர ளகர ழகரம், ஒற்று மிகும் இடம் எல்லாம் எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே பழக வேண்டியவை.

இரண்டாவது, சிங்களம். ஊவாவில் பிரதேச செயலகம், பொலிஸ், ஆஸ்பத்திரி, கல்விப் பணிமனை எங்கே போனாலும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேச்சு. நம்ம பிள்ளைகள் பலருக்குப் பேச வரும், வாசிக்க வராது. சிங்களச் சுற்றறிக்கையை வாசித்துத் தமிழில் எழுதத் தெரிந்த நிருபருக்கு எங்கேயும் மரியாதை உண்டு. ஆங்கிலமும் கொஞ்சமாவது வேண்டும்.

மூன்றாவது, தமிழில் தட்டச்சு. கையால் எழுதி அனுப்பும் காலம் போய்விட்டது. கைத்தொலைபேசியிலேயே பழகலாம்.

உயர்தரம் முடித்த பிறகு எங்கே போகலாம்?

முதலில் இலங்கை இதழியல் கல்லூரியைச் சொல்ல வேண்டும். இது கொழும்பில் இருக்கிறது. ஊடக சுதந்திரமும் சமூகப் பொறுப்பும் பற்றி 1998இல் பத்திராதிபர்கள், பத்திரிகை நிறுவனங்கள், சுதந்திர ஊடக இயக்கம் ஆகியோர் சேர்ந்து கொழும்புப் பிரகடனம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். அதன் தொடர்ச்சியாக இலங்கை பத்திரிகை ஸ்தாபனம் உருவானது. அந்த ஸ்தாபனத்தின் கீழ் 2004இல் தொடங்கியதுதான் இந்தக் கல்லூரி. இதன் இதழியல் டிப்ளோமா தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் நடத்தப்பட்டு வருகிறது. நம்ம பிள்ளைகள் தமிழிலேயே படிக்கலாம் என்பது இதில் பெரிய வசதி.

இங்கே பலகையில் எழுதிப் படிப்பதைவிடச் செய்து படிப்பதுதான் அதிகம். பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, இணையம் எல்லாவற்றிலும் கை வைத்துப் பழகுகிறார்கள். வெளியே போய் ஆட்களைச் சந்தித்துச் செய்தி கொண்டுவர வேண்டும். அதைத் திருத்துவார்கள், திரும்பவும் எழுதச் சொல்வார்கள். பிறகு ஊடக நிறுவனங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அங்கே ஒழுங்காக வேலை செய்த பிள்ளையை நிறுவனம் கவனித்து வைத்துக்கொள்ளும். வேலைக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் அந்தப் பயிற்சிக் காலத்தில்தான்.

பல்கலைக்கழகம் போக நல்ல பெறுபேறு இருந்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகள் இருக்கிறது. இரண்டும் பட்டப் படிப்பு. எந்தக் கற்கைநெறிக்கு என்ன பாடம் வேண்டும் என்பது ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலில் இருக்கும். கைநூல் இல்லாமல் மற்றவர் சொல்வதைக் கேட்டு விருப்ப வரிசை நிரப்ப வேண்டாம்.

புலமைப்பரிசில், உதவிப் பணம்

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே இருப்பது இலங்கை தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம். இது இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் மூலம் நடப்பது. உயர்தரம் படிப்பவர்களுக்கும் பல்கலைக்கழகம் போனவர்களுக்கும் புலமைப்பரிசில் வழங்கி வந்திருக்கிறது. விண்ணப்பம் கோரும் விளம்பரம் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும். உயர்தரம் படிக்க பதுளை, பண்டாரவளை என்று போய்த் தங்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இதைத் தவற விடக் கூடாது. தங்குமிடச் செலவுக்கு அது ஒரு கை கொடுக்கும்.

பல்கலைக்கழகம் கிடைத்தவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தது இது. மகாபொல கிடைக்காதவர்களுக்கு பேர்சரி உதவிப் பணம் உண்டு. இரண்டுக்கும் குடும்ப வருமானம் பார்ப்பார்கள். மாதத் தொகை வரவுசெலவுத் திட்டத்தில் மாறுவதால் விண்ணப்பிக்கும்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவை இரண்டும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு உரியவை. தனி டிப்ளோமா படிப்பவர்களுக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

இந்தியாவில் போய்ப் பட்டம் படிக்க இந்திய அரசாங்கம் இலங்கை மாணவர்களுக்கு வருடாந்தம் புலமைப்பரிசில் கொடுக்கிறது. கலைப் பிரிவுப் பட்டங்களும் அதில் அடங்கும். கல்வி அமைச்சு மூலம் தெரிவு நடக்கும். போட்டி கடுமை, நல்ல பெறுபேறு வேண்டும். ஆனாலும் விண்ணப்பிக்காமலே "நமக்குக் கிடைக்காது" என்று இருப்பது சரியில்லை.

டிப்ளோமாவுக்குச் சேர்கிறவர்கள் செய்ய வேண்டியது என்ன? விண்ணப்பிக்கும்போதே "வசதி குறைந்த மாணவருக்குக் கட்டணச் சலுகை அல்லது புலமைப்பரிசில் இருக்கிறதா? தவணை முறையில் கட்டலாமா?" என்று எழுத்தில் கேளுங்கள். இப்படிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இப்படியான உதவிகள் சில வருடம் இருக்கும், சில வருடம் இருக்காது. கேட்காதவருக்கு எந்த வருடமும் இருக்காது.

சேமலாப நிதிப் பணத்தைப் படிப்புக்கு எடுக்கலாம் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். வேலையில் இருக்கும்போது ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கும் திட்டம் வீட்டுத் தேவைக்கும் மருத்துவத் தேவைக்கும் மட்டுமே. படிப்புக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

பத்திரங்களை இப்போதே பாருங்கள்

புலமைப்பரிசில் கைநழுவிப் போவது பல நேரம் மார்க்ஸ் குறைந்ததால் இல்லை, பத்திரம் சரியில்லாததால். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, தோட்டத்துச் செக்ரோலில் வேறொரு மாதிரி. பிள்ளையின் பாடசாலைப் பதிவில் பிறந்த திகதி வேறு. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ஒரு கிழமை இருக்கும்போது இதைத் திருத்த முடியாது. மாதக் கணக்கில் எடுக்கும். ஆகவே பிள்ளை ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே கீழே உள்ளவற்றை ஒரு பைலில் போட்டு வையுங்கள்.

1. பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.
2. பிள்ளையின் தேசிய அடையாள அட்டை. பாடசாலை மூலம் விண்ணப்பிக்கும் வயது வந்ததும் தள்ளிப் போடாமல் எடுக்கவும்.
3. பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள் என்பதற்குத் தோட்டக் காரியாலயத்தின் கடிதமும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும்.
4. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழும் வருமானச் சான்றும்.
5. சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுப் பத்திரங்கள், அதிபரின் நற்சான்றிதழ்.
6. பிள்ளை பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகம்.
7. பிள்ளை எழுதிப் பத்திரிகையில், பாடசாலை மலரில் வந்தவை இருந்தால் அவற்றை வெட்டி ஒட்டிய ஒரு கொப்பி.

ஏழாவதைப் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பத்திரிகைப் படிப்புக்கான நேர்முகப் பரீட்சையில் அந்தக் கொப்பிதான் பிள்ளைக்காகப் பேசும்.

காசு இல்லாத பயிற்சி

கல்லூரி போகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. செய்தி எழுதுவது எப்படி என்பதை நம்ம வேலையை வைத்தே புரிந்துகொள்ளலாம். செக்ரோலில் என்ன இருக்கிறது? யார், எந்தத் திகதி, எந்த மலை, என்ன வேலை, எத்தனை கிலோ. ஒன்று தவறினாலும் பேர் அரைப்பேராகிவிடும். செய்தியும் அப்படித்தான். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறும் இருக்க வேண்டும்.

ஒரு உதாரணத்தை நானே எழுதிக் காட்டுகிறேன். பல பிள்ளைகள் இப்படி எழுதுவார்கள்:

"எமது தோட்டத்தில் குடிநீர்ப் பிரச்சினை தலைவிரித்தாடுகின்றது. அதிகாரிகள் பாராமுகமாக இருக்கின்றனர். மக்கள் பெரும் அவதியுறுகின்றனர்."

இதில் கோபம் இருக்கிறது, செய்தி இல்லை. எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும். இதையே இப்படி எழுதலாம்:

"கீழ்ப் பிரிவில் 3 லயங்களில் உள்ள 38 குடும்பங்களுக்கு 11 நாட்களாகக் குழாய்த் தண்ணீர் இல்லை. தாங்கியிலிருந்து வரும் குழாய் இம்மாதம் 4ஆம் திகதி பெய்த மழையில் மண் சரிந்து உடைந்தது. பெண்கள் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, இருட்டும் நேரத்தில் அரை மைல் நடந்து ஓடையில் தண்ணீர் எடுக்கிறார்கள். புதிய குழாய்க்குக் கேட்டு எழுதியிருப்பதாகத் தோட்டக் காரியாலயத்தில் தெரிவித்தார்கள். எப்போது வரும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை."

இதை வாசித்த அதிகாரி "பார்க்கிறோம்" என்று சொல்லித் தப்ப முடியாது. எண்ணிக்கை இருக்கிறது, திகதி இருக்கிறது, காரணம் இருக்கிறது, காரியாலயத்தின் பதிலும் இருக்கிறது. யாரையும் திட்டவும் இல்லை.

பிள்ளைகளுக்குச் சில கட்டுப்பாடுகளும் சொல்லிக் கொடுங்கள். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதக் கூடாது, குறைந்தது இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். யார் மேல் குற்றம் சொல்கிறோமோ அவரிடமும் கேட்டு அவர் பதிலையும் போட வேண்டும், அவர் துரையாக இருந்தாலும் சரி, சங்கத் தலைவராக இருந்தாலும் சரி. சிறு பிள்ளைகள் பாதிக்கப்பட்ட விஷயத்தில் பெயரும் படமும் போடக் கூடாது. செத்த வீட்டில் கைத்தொலைபேசியை நீட்டக் கூடாது. முகநூலில் வந்தது செய்தி ஆகாது, அதைப் போய்ப் பார்த்து உறுதி செய்தால்தான் செய்தி. பத்திரிகையில் பிழையாக எழுதினால் வாசகர் முறைப்பாடு செய்ய இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு 2003 முதல் இருக்கிறது என்பதையும் எழுதுகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தகவல் கேட்கவும் பழகலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்த நாட்டுப் பிரஜை யாரும் அரசாங்கக் காரியாலயத்தில் எழுத்தில் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்ற தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். முன்பு பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு அதற்கு வழி வந்தது. அதற்குப் பிறகு நம்ம பிரதேச சபை தோட்டப் பாதைக்கு எவ்வளவு செலவு செய்தது என்று ஒரு கடிதம் போட்டுப் பார்க்கலாமே. அம்மா அல்லது அப்பா கையெழுத்துப் போட, பிள்ளை எழுதட்டும். வருகிற பதில் ஒரு நல்ல செய்தி. பதில் வராவிட்டால் அதுவும் செய்திதான்.

எழுத்து வராத பிள்ளைக்குக் குரல் இருக்கும். பதுளை மாவட்டத்தில் கிராந்துருகோட்டையில் 1986இலும், நுவரெலியா மாவட்டத்தில் கொத்மலையில் 1989இலும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் சமூக வானொலி தொடங்கியது. கொத்மலையில் 1990களின் கடைசியில், ஊர்மக்கள் கேட்கும் கேள்விக்கு இணையத்தில் பதில் தேடி வானொலியில் சொல்லும் ஏற்பாடும் நடந்தது. உலகத்தில் பல நாட்டவர் வந்து பார்த்துப் போனார்கள். சாதாரண ஊர்மக்கள் ஒலிவாங்கி பிடித்துப் பழகிய இடங்கள் இவை. இன்றைக்கு ஒரு கைத்தொலைபேசி இருந்தால் ஒரு பெரியவரின் பேச்சை ஐந்து நிமிடம் பதிவு செய்து, தேவையில்லாததை வெட்டி, இரண்டு நிமிடமாக ஆக்கிப் பழகலாம். வானொலிக்காரர் செய்வதும் அதுதான்.

தமிழ்நாட்டில் ஒரு முறை

தமிழ்நாட்டில் ஆனந்த விகடன் நிறுவனம் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் என்று ஒன்றைப் பல பத்தாண்டுகளாக நடத்தி வந்திருக்கிறது. கல்லூரி மாணவர்களைத் தெரிவு செய்து, அவர்கள் படித்துக்கொண்டே தங்கள் ஊர், தங்கள் மாவட்டத்துச் செய்திகளைச் சேகரித்து எழுத வைத்துப் பழக்குவது அதன் முறை. படிப்பும் நிற்காது, தொழிலும் பழகும். அந்தத் திட்டத்தில் பழகிய பலர் பிறகு பத்திரிகை, தொலைக்காட்சி, சினிமா என்று பெயர் எடுத்தார்கள். நம்ம பிள்ளைகள் அதில் சேர முடியாது. ஆனால் அந்த முறையை நம்ம தோட்டங்களில் சின்ன அளவில் செய்யலாம்.

ஒரு டிவிஷனுக்கு இரண்டு பிள்ளைகள். மாதம் ஒரு செய்தி, ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளைக்காம்பரா, தண்ணீர், பாதை, பள்ளிக்கூடம், ஆடிப்பூசை, ஓய்வு பெற்ற ஒரு கங்காணியின் கதை, எதுவானாலும் சரி. உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். வாசிகசாலைச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பலகையும் கொஞ்சம் பசையும் போதும்.

உண்மையையும் சொல்ல வேண்டும்

இந்தத் தொழிலில் சல்லி கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊர்களில் இருக்கும் பிரதேச நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. பிரசுரமாகும் செய்திக்குத்தான் கொடுப்பனவு. ஆகவே பலர் ஆசிரியராக, கடைக்காரராக வேறு தொழிலும் செய்கிறார்கள். கொழும்பில் நிறுவனத்துக்குள் வேலை கிடைத்தால் சம்பளம் உண்டு, வாடகையும் உண்டு, இரவு வேலையும் உண்டு.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தாய்மாருக்கு இருக்கும் பயம் எனக்குத் தெரியும். மொனராகலையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் ஒரு நாள் போய்விடும். தங்குமிடம் எது, அங்கே பொறுப்பாக யார் இருக்கிறார்கள், இரவு வேலை என்றால் வாகனம் கொடுப்பார்களா என்று பெற்றோர் நேரில் போய்க் கேட்பதில் தப்பில்லை. ஆனால் கேட்காமலே "பொம்பளைப் பிள்ளைக்கு இது வேணாம்" என்று மூடிவிட வேண்டாம். தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களில் அதிகமானோர் பெண்கள். அவர்களுடைய முதுகு வலியும், மலசலகூடம் இல்லாத மலையில் படும் பாடும் ஆம்பிளை நிருபரிடம் வாய் திறந்து சொல்லக் கூடியவையா? ஒரு பெண் பிள்ளை கேட்டால்தான் சொல்வார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "மூன்று மாதத்தில் அறிவிப்பாளர் ஆகலாம்" என்று விளம்பரம் போட்டுப் பெரிய தொகை வாங்கும் இடங்கள் இருக்கின்றன. தனியார் நிறுவனம் என்றால், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா, அங்கே படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். தாலியை அடகு வைத்து எந்தப் படிப்புக்கும் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

வாரத்தில் ஒரு நாளாவது ஒரு தமிழ்ப் பத்திரிகை வீட்டுக்கு வரட்டும். நான்கு லயத்து வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கினால் செலவு பெரிதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் கல்வி விளம்பரங்கள் வருவதால் அதை எடுப்பது நல்லது. பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும், வீட்டில் உள்ளவர்கள் கேட்கட்டும். "இது சரியா எழுதியிருக்கா? நம்ம தோட்டத்துல இப்படியா நடந்துச்சு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விதான் பத்திரிகைப் படிப்பின் முதல் பாடம்.

பைலில் என்ன குறைகிறது என்று தெரியாதவர்கள், பெயர் மாற்றம் இருக்கிறவர்கள், விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் பத்திரங்களை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்த நேரத்தில் உங்கள் நலன்புரி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். மூலப் பத்திரங்களோடு இரண்டு போட்டோப் பிரதியும் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களே தங்கள் கையால் நிரப்பிப் பழகட்டும்.